கரிசலில் ஓடிய மீட்டர் கேஜ்

கோவில்பட்டியின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் பருத்தியையும் தீப்பெட்டியையும் கடலைமிட்டாயையும் பற்றி விஸ்தாரமாகச் சொல்வார்கள். அவற்றை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த இருப்புப் பாதையைப் பற்றி, அதிலும் மறைந்துபோன மீட்டர் கேஜைப் பற்றி, நின்று பேசுவோர் அரிது.

மழை பெய்தால் வண்டிச் சக்கரத்தை விழுங்குவதும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதும் கரிசல் மண்ணின் சுபாவம். அந்த மண்ணின் மீதுதான் ஒரு காலத்தில் மாட்டு வண்டிகள் பருத்திப் பொதிகளைத் தூத்துக்குடிக்கு இழுத்துச் சென்றன. 1861இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பஞ்சு கிடைக்காமல் தவித்த லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடியபோது, துறைமுகத்துக்கு விரைவான வழி வேண்டுமென்ற எண்ணம் வலுப்பெற்றது. செலவைக் குறைக்கும் பொருட்டு மேயோ பிரபுவின் ஆட்சியில் 1870இல் ஒரு மீட்டர் அகலப் பாதை தேர்ந்தெடுக்கப்பட்டது. 1874இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி உருவாயிற்று. 1876 ஜனவரி முதல் தேதியன்று மதுரையிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடி வரை ரயில் ஓடத் தொடங்கியது. அவ்வருஷமே மழை பொய்த்துத் தாது வருஷப் பஞ்சம் தலைகாட்டியதால், பருத்திக்காக வந்த பாதையில் தானிய மூட்டைகளும் பிரயாணம் செய்யலாயின.

சுதந்திரத்துக்குப் பின் மீட்டர் கேஜ் பிரயாணிகள் வண்டிகளை இழுத்த ஒய்.பி. எஞ்சினுக்கு முன்னால் நான்கும், நடுவில் ஆறும், பின்னால் இரண்டுமாகச் சக்கரங்கள். அவற்றுள் நடுச்சக்கரத்தின் விட்டம் 1372 மில்லிமீட்டர். ஒற்றைப் பாதையில் எதிர்வண்டி வராது என்பதற்கு அத்தாட்சியான எஃகு உருண்டையைத் தோல்பையிலிட்டுப் பிரம்பு வளையத்தில் கோத்து நிலையத்து ஊழியர் நீட்ட, எஞ்சினில் இருப்பவர் ஓட்டத்திலேயே கையை வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொள்வார். 1990களில் பாதை அகலமாகி அந்தக் காட்சியும் மறைந்தது. இன்று இரட்டைப் பாதையில் மின்சார எஞ்சின்கள் ஓடுகின்றன. எழும்பூருக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே 2024இல் தொடங்கிய வந்தே பாரத் கோவில்பட்டியிலும் நிற்கிறது.

இந்த மாறுதல் அபிவிருத்தியே. ஆயினும் பழையதன் வடிவம் அளவோடு பாதுகாக்கப்பட வேண்டும். அதற்குப் புகைப்படத்தைவிடச் சிறந்த சாதனம் மாதிரி ரயில் என்பது என் உறுதியான எண்ணம். எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கும் வழக்கமான அளவில் நம் மீட்டர் கேஜ் 11.5 மில்லிமீட்டரும், நம் அகலப் பாதை 19 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமும் ஆகும். கடையில் விற்கும் 16.5 மில்லிமீட்டர்த் தண்டவாளமோ ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகளுக்கு உரியது. அதன் மேல் நம் வண்டியை ஏற்றினால் பழையதும் புதியதும் ஒருங்கே பொய்யாகிவிடும். எஞ்சினின் அளவு மட்டும் சரியாக இருந்தாலும் போதாது. ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் சுருங்கும் கரிசலை நம்பாமல் சரளை கொட்டி உயர்த்திய கரையும், வேலிக்கருவையும், தார்ப்பாய் போர்த்திய பருத்திப் பொதிகளும் சேர்ந்தால்தான் அது கோவில்பட்டியின் ரயிலாகும்.

அந்த எஞ்சின்களை ஓட்டியவர்களும், வளையம் நீட்டியவர்களும் ஓய்வுபெற்று நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்கள் சொல்லக் கேட்டு அளவும் வர்ணமும் பிசகாத ஒரு மாதிரியை நம் பள்ளிப் பிள்ளைகள் செய்து பார்த்தால், தங்கள் மண்ணின் சரித்திரத்தைத் தம் கையாலேயே கற்றவர்களாவார்கள்.