டோக்கியோவில் பிறந்த ஆங்கில அகராதி

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி, "சார், பொண்ணு ஆறாவது போறா. எந்த டிக்‌ஷனரி வாங்கட்டும்?" என்று கேட்டிருந்தாள். பெயரைச் சொல்லிவிட்டேன். அந்த அகராதி வந்த கதையை இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை. அதனால் இந்த நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஆங்கிலம் கற்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக யோசித்த ஆரம்பகால ஆட்களில் ஒருவர் மைக்கேல் வெஸ்ட். வேலை பார்த்தது டாக்காவில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில். ஒரு வகையில் எங்கள் இனம்! வங்காளத்து இருமொழிக் கல்வி பற்றி 1926இல் ஒரு புத்தகம் எழுதினார். அவரை உறுத்திய விஷயம், பிள்ளைகளில் பெரும்பாலோர் பாதியில் நின்றுவிடுவதுதான். எல்.ஐ.சி. பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் சரண்டர் வேல்யூ என்று ஏதோ கைக்கு வரும் இல்லையா? அதே சொல்லைத்தான் வெஸ்ட் எடுத்தாண்டார். மூன்று வருடம் ஆங்கிலம் படித்துவிட்டு நின்று போகிற பிள்ளைக்குக் கையில் என்ன மிஞ்சுகிறது? இலக்கணத்தில் தொடங்கி எல்லாம் கடைசியில்தான் பலன் தரும் என்கிற பாடத்திட்டத்தில் ஒன்றும் மிஞ்சாது. வாசிக்கவாவது தெரிந்தால் பிறகு தானே படித்துக்கொள்ளும். அதனால் முதலில் வாசிப்பு என்றார்.

அதற்காகப் பாடப்புத்தகங்களை எழுதினார். அபூர்வமான சொற்களை எடுத்துவிட்டு, அன்றாடம் புழங்கும் சொற்களைப் போட்டார். புதுச் சொல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். வந்த சொல் திரும்பத் திரும்ப வரும். 1935இல் எண்டிகாட் என்பவருடன் சேர்ந்து ஓர் அகராதியும் கொண்டுவந்தார். சுமார் 24,000 பதிவுகள். அத்தனைக்கும் விளக்கம் 1,490 சொற்களுக்குள். ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்க்கப் போய், விளக்கத்தில் தெரியாத மூன்று சொற்கள் நின்றால் பிள்ளை என்ன செய்யும்? 1953இல் அவர் வெளியிட்ட சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலில், ஒரு சொல் எந்தப் பொருளில் எவ்வளவு வருகிறது என்பதுகூட சதவீதத்தில் இருக்கும். 50 லட்சம் சொற்கள் கொண்ட எழுத்தை எண்ணி எடுத்த கணக்கு. கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் கையால்.

இனி ஜப்பான். ஹரால்ட் பாமர் என்ற மொழியாசிரியரை 1922இல் ஜப்பான் அரசு ஆலோசகராக அழைத்தது. மறு வருடமே டோக்கியோவில் ஆங்கிலக் கற்பித்தலுக்கென்று ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். ஏ.எஸ்.ஹார்ன்பி 1924இல் ஜப்பானுக்கு வந்தது இலக்கியம் நடத்த. பிள்ளைகளுக்கு முதலில் தேவை மொழி என்று புரிந்துகொண்டு பாமருடன் சேர்ந்துகொண்டார்.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம். 'டெல் மீ த மீனிங்' சரி. அப்படியானால் 'எக்ஸ்ப்ளெய்ன் மீ த மீனிங்' ஏன் தப்பு? 'வான்ட் ஹிம் டு கம்' சரி, 'சஜ்ஜஸ்ட் ஹிம் டு கம்' ஏன் தப்பு? என் வகுப்பில் இதை எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளையின் தர்க்கத்தில் குறையே இல்லை. ஒரு வினைச்சொல்லைப் பார்த்து இன்னொன்றை அமைக்கிறது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் பிறந்த குழந்தைக்கு இந்தச் சிக்கல் வராது. அதனால் அங்கே அச்சான அகராதிகள் அர்த்தத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டன.

ஹார்ன்பி ஆங்கில வினைச்சொற்களை 25 வாக்கிய அமைப்புகளாகப் பிரித்தார். ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் அது எந்த அமைப்பில் வரும் என்று எண் போட்டார். பெயர்ச்சொற்களிலும் எண்ணக்கூடியது எது, எண்ண முடியாதது எது என்று குறித்தார். தமிழில் தகவல்கள், அறிவுரைகள் என்கிறோம். அதனால் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்' என்று எழுதுகிறோம். அந்த ஓர் எழுத்துக் குறியைப் பார்க்கப் பழகினால் போதும், பேனா தானே நின்றுவிடும்.

கேட்டன்பி, வேக்ஃபீல்ட் ஆகிய இருவரோடு சேர்ந்து அகராதியை முடித்தார். அதற்குள் போர் வந்துவிட்டது. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் ஹார்ன்பி காவலில் வைக்கப்பட்டார். 1942இல் நாடு திரும்பினார். ஆங்கிலத்தை எதிரியின் மொழி என்று ஒதுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. அதே 1942இல், அதே டோக்கியோவில், கைதாகுஷா என்ற பதிப்பகம் அந்த ஆங்கில அகராதியை அச்சிட்டு வெளியிட்டது! அந்தப் பதிப்பாளரின் துணிச்சலை நினைத்தால் இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வேறு பெயரில் கொண்டுவந்தது. இன்று கடைகளில் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் என்று விற்பது அதன் வாரிசுதான். புத்தகத்தில் வந்த பணத்தைக் கொண்டு 1961இல் ஹார்ன்பி ஓர் அறக்கட்டளை வைத்தார், பிற நாட்டு ஆங்கில ஆசிரியர்கள் மேலே படிப்பதற்காக. 1978இல் காலமானார்.

சரி, பழக்கம் போகவில்லை, ஒரு வீட்டுப்பாடம். வீட்டில் எந்தப் பதிப்பு இருந்தாலும் 'சஜ்ஜஸ்ட்' என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். அதன் கீழே உள்ள எடுத்துக்காட்டுகளைப் பார்த்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைத்து கமெண்டில் போடுங்கள். ராத்திரி உட்கார்ந்து திருத்துகிறேன்.