ஒலி இல்லாத படவில்லை: கொழும்பின் இரண்டாம் மொழி வகுப்பும் இணையப் பல்லூடகமும்

வெள்ளவத்தை என்ற பெயரைக் கேட்கும் தமிழ்க் காதுக்கு வெள்ளமோ வெள்ளையோ நினைவுக்கு வரும். சிங்களத்தில் அப்பெயரின் முற்பகுதி மணலைக் குறிக்கும், பிற்பகுதி தோட்டம். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நின்று பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கிவிடும். ஆனால் சிங்களவர் அப்பெயரைச் சொல்லும்போது எழும் முதல் உயிர் அகரமும் அன்று, எகரமும் அன்று. இரண்டுக்கும் நடுவே, வாயை அகலத் திறந்து எழுப்பும் உயிர் அது. தமிழ் நெடுங்கணக்கில் அதற்கென எழுத்து இல்லாததால் எகரத்தால் எழுதினோம். கேகாலையில் அதே உயிரின் நெடில் ஏகாரமாகி நிற்கிறது. கொழும்பு நகரின் வடக்கே கொட்டாஞ்சேனைக்குப் போனால் வேறொரு கதை. அங்குள்ள சேனை, சேனைப் பயிர்ச்செய்கை என்று நாம் சொல்லும் அதே சேனைதான். சிங்களத்தில் அது 'ஹேன' என்று ஒலிக்கிறது. அப்பெயரின் முற்பகுதியில் சிங்களம் ஒற்றை டகரத்தை எழுதுகிறது. அதன் வல்லோசையைக் காட்ட நமக்கு டகரம் இரட்டிக்க வேண்டியிருக்கிறது.

மூன்று ஊர்ப்பெயர்களுக்குள்ளேயே இத்தனை ஒலிச்சிக்கல் கிடக்கிறது. இந்த நகரத்தின் தமிழ்மொழிமூல மாணவர் சிங்களத்தையும், சிங்களமொழிமூல மாணவர் தமிழையும் தரம் 6 முதல் இரண்டாம் தேசிய மொழியாகக் கற்கின்றனர். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது அக்கற்பித்தல் திரைக்கு மாறியது. படவில்லைகளும் காணொளிகளும் தொட்டால் அசையும் நிகழ்த்துகைகளும் ஆசிரியர்களின் அன்றாடப் புழக்கத்துக்கு வந்தன. இக்கட்டுரை ஒன்றை வலியுறுத்துகிறது: இவ்விரு மொழிகளின் வகுப்பில் இணையப் பல்லூடகக் கருவிகளுக்கு இடம் கொடுப்பதற்கான முதற்காரணம் ஒலி. ஒலியை எழுத்தோடு பிணைக்காத, மாணவரின் சொந்தக் குரலை வகுப்புக்குள் கொண்டுவராத நிகழ்த்துகை, எவ்வளவு வண்ணமும் அசைவும் கொண்டிருந்தாலும், பாடநூலின் பக்கத்தைத் திரையில் ஒட்டியதற்குமேல் எதையும் செய்வதில்லை.

இது வெறும் கற்பித்தல் நுட்பம் பற்றிய பேச்சு அன்று. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956இன் அரசகரும மொழிச் சட்டம் இந்நாட்டுக்கு என்ன செய்தது என்பதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. 1987இல் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் 16ஆவது திருத்தம் அதன் நடைமுறையை வகுத்தது. 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேர்வோர் குறித்த காலத்துக்குள் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று பொது நிர்வாகச் சுற்றுநிருபம் ஒன்று விதித்தது. இராஜகிரியவில் அரசகரும மொழிகள் திணைக்களமும் அகலவத்தையில் மொழிக்கல்விக்கான தேசிய நிறுவகமும் இயங்குகின்றன. சட்டமும் நிறுவனமும் பரீட்சையும் இருக்கின்றன. இருந்தும், எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தபின் ஒரு முழு வாக்கியத்தை வாய்திறந்து சொல்லத் தயங்குவோரை நாம் எல்லோரும் அறிவோம். மொழி அவர்களுக்குக் கண் வழியாக மட்டுமே போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஒலியின் இடத்தைச் சில எடுத்துக்காட்டுகளோடு பார்ப்போம். சிங்களத்தில் மரத்தின் அடித்தண்டுக்கு ஒரு சொல், மலைக்கு ஒரு சொல். தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் 'கந்த' என்றே வரும். சிங்களவர் காதுக்கோ அவை வெவ்வேறு சொற்கள். முதலாவதில் மூக்கொலி தகரத்தோடு ஒட்டிக்கொண்டு கணப்பொழுதில் கடந்துவிடும். இரண்டாவதில் அது தனி மெய்யாக நின்று அசையை நீட்டும். கையைக் குறிக்கும் சொல்லும் 'உண்டு' எனும் பொருள்தரும் சொல்லும் இத்தகையவை: மேலே சொன்ன அந்த இடைப்பட்ட உயிர்தான் அவற்றைப் பிரிக்கிறது. நம் பிள்ளைகள் சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதி வைத்துப் பாடமாக்குகிறார்கள். 'முப்பது நாளில்' வகைக் கைந்நூல்களும் அதையே செய்கின்றன. அந்தக் கணத்திலேயே வேறுபாடு அழிந்துபோகிறது. எழுத்தில் இல்லாத ஒன்றை எத்தனை முறை வாசித்தாலும் பெறமுடியாது.

எதிர்த்திசையில் வருபவரின் சிக்கல் வேறு. சிங்கள நெடுங்கணக்கில் வல்லோசைக் ககரத்துக்கும் மெல்லோசைக் ககரத்துக்கும் ஹகரத்துக்கும் தனித்தனி எழுத்து. அதில் பழகிய மாணவர் தமிழின் ஒரே ககரத்தைக் 'கடல்' என்பதில் ஒருவிதமாகவும், 'தங்கம்' என்பதில் வேறுவிதமாகவும், 'மகன்' என்பதில் இன்னொருவிதமாகவும் ஒலிக்க வேண்டும். விதி எளியது, நாம் யாரும் அதைக் கற்றதில்லை, கேட்டே பெற்றோம். இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பவருக்கும் அந்தக் கேட்டலைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஆசிரியர் ஒரு சொல்லை ஐம்பது முறை சொல்லமுடியாது. ஒலிப்பதிவு சொல்லும். இணையக் கருவியின் முதல் வலிமை இவ்வளவுதான்; இது சிறிய வலிமை அன்று.

யாருடைய குரலைப் பதிவது என்ற கேள்வி அடுத்து வருகிறது. 'பத்து, பற்று, பட்டு' என்ற மூன்றையும் யாழ்ப்பாணத்துப் பேச்சு மூன்று இடங்களில் நா பொருந்த, மூன்று தெளிவான ஒலிகளாகச் சொல்லும். நடுவில் உள்ள அந்த றகர ஒலி தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் வேறாகிவிட்டது. ஆகவே தமிழ்நாட்டு உச்சரிப்பில் அமைந்த கணினிக் குரலை அப்படியே படவில்லையில் சேர்த்து வெள்ளவத்தையில் தமிழ் கற்பிக்கும்போது, ஒழுங்கையின் முனையில் உள்ள கடைக்காரர் பேசாத தமிழையே மாணவருக்குக் கொடுக்கிறோம். கொட்டாஞ்சேனையில் வேறு பேச்சுகளும் புழங்குகின்றன: மலையகத்திலிருந்து வந்து குடியேறியோரின் தமிழ், தலைமுறைகளாக நகரத்திலேயே வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களின் தமிழ், முஸ்லிம்களின் தமிழ். ஒருவர் 'கதைக்கிறார்', இன்னொருவர் 'பேசுகிறார்'. பேராசிரியர் சுசீந்திரராசா, ஜேம்ஸ் கேயர், கருணாதிலக ஆகியோர் 1978இல் பேச்சுத் தமிழுக்கென ஓர் அறிமுக நூலை இலங்கையில் வெளியிட்டபோதே, கற்பிக்கவேண்டியது எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்ற கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அச்சு நூலால் அவ்விடையை முழுமையாக்க முடியாது. நான்கு ஊர்க் குரல்களில் ஒரே உரையாடலை அடுத்தடுத்து வைக்கும் வசதி இன்று ஒரு சாதாரணப் படவில்லைக்கே உண்டு.

இங்கே இலங்கை வானொலியை நினைக்காமல் இருக்கமுடியவில்லை. கடல் கடந்து தமிழ்நாட்டிலும் செவிமடுக்கப்பட்ட அதன் அறிவிப்பாளர்களின் உச்சரிப்பைக் கேட்டுத் தம் தமிழைத் திருத்திக்கொண்டவர் பலர். கொழும்பிலிருந்து எழுந்த அந்தக் குரல்களில் ஒன்றையேனும் இரண்டாம் மொழி மாணவருக்கான பாடமாக்கி வைத்திருக்கிறோமா?

படமும் எழுத்தும் ஒலியும் ஒருசேர வருவது எப்போது உதவும், எப்போது தொல்லையாகும் என்பதை விரிவாக ஆய்ந்தவர் கலிபோர்னியாவின் ரிச்சர்ட் மேயர். 2001இல் வெளிவந்த அவருடைய பல்லூடகக் கற்றல் நூல் இத்துறையின் அடிப்படை. அவர் முன்வைத்த கொள்கைகளுள் ஒன்று மிகைமை பற்றியது: படத்தோடு விளக்கக் குரலும் ஒலிக்கும்போது, அதே சொற்களைத் திரையில் எழுத்தாகவும் காட்டினால் கற்றல் குறையும், கண் இரண்டு வேலைகளுக்கு இழுபடும். ஆசிரியர் பயிற்சிகளில் இதைப் பொதுவிதியாக ஒப்புவிக்கிறோம். ஆனால் இவ்விதி தம் தாய்மொழியில் பாடம் கேட்பவர்களுக்கே நன்கு பொருந்துகிறது. இரண்டாம் மொழியில் கற்பவருக்கு எழுத்து துணையாகலாம் என்பது ஆய்வாளரே ஏற்ற விலக்கு. அடுத்தவர் மொழியில் ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதே புதியவரின் காதுக்குப் பிடிபடாது. அந்நிலையில் ஒலியோடு எழுத்தும் வேண்டும். பழகப் பழக எழுத்தை எடுத்துவிட வேண்டும். எடுப்பது எப்போது என்று தீர்மானிப்பது ஆசிரியரின் வேலை. எந்தக் கருவியும் அதைச் செய்து தராது.

செய்முறையாக ஒன்றைச் சொல்கிறேன். 'கந்த' இணைக்கு ஒரு படவில்லை. ஒரு புறம் அடிமரம், மறுபுறம் மலை. ஒவ்வொன்றையும் தொட்டால் ஆண்குரல் ஒன்றும் பெண்குரல் ஒன்றும் ஒலிக்கும். தமிழ் எழுத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த படவில்லையில் குரல் மட்டும்; மாணவர் படத்தைத் தெரிவு செய்வார். அதற்கடுத்ததில்தான் சிங்கள எழுத்து தோன்றும். கடைசியில் மாணவர் தம் குரலைப் பதிந்து ஆசிரியரின் குரலுக்கு அருகில் வைத்துக் கேட்பார். சுழலும் தலைப்பும் பறக்கும் எழுத்தும் இதில் வேண்டியதில்லை.

இவ்வளவும் எந்தத் தளத்தில் நடக்கும் என்பதைக் கொழும்பின் அண்மைக்கால அனுபவத்தை விட்டுப் பேசமுடியாது. 2020இல் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் மும்மொழிகளிலும் பாடங்களைத் தந்தது. 2021 ஜூலை 12 முதல் ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டை முன்வைத்து இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றன. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலத்தை எட்டியது. ஜூனில் எரிபொருள் இல்லாமல் கொழும்புப் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி வீடொன்றில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைபேசி; அதுவும் தகப்பன் வேலையால் வந்தபிறகு. டேட்டா முடிந்தால் மறு ரீலோட் வரைக்கும் பாடம் இல்லை. இந்தச் சூழலில் எது தாக்குப்பிடித்தது? நேரலை நிகழ்த்துகை தாக்குப்பிடிக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியை அனுப்பிய அரை நிமிட வொய்ஸ் மெசேஜ் தாக்குப்பிடித்தது. பிள்ளை அதை இரவு பத்து மணிக்கும் கேட்கலாம். திரும்பத் தன் குரலில் விடை அனுப்பலாம். முழுப் படவில்லைத் தொகுதியை இறக்குவதற்கு ஆகும் டேட்டாவில் சிறு பங்கே இதற்குப் போதும். அப்போது வேறு வழியில்லாமல் செய்ததாகவே ஆசிரியர்கள் பலர் இதை நினைத்தார்கள். நல்ல மொழிக் கற்பித்தலின் கரு அதில்தான் இருந்தது என்பேன்.

மாணவரின் குரல் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வகுப்புகளில் நிகழ்த்துகை ஆசிரியரின் கையில் இருக்கும்வரை அது கரும்பலகையின் வாரிசுதான். கருவி மாணவர் கைக்குப் போகட்டும். வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் மரக்கறி விலை கேட்கும் உரையாடலை அவர் சிங்களத்தில் பதியட்டும். இலக்கம் 100 பேருந்தில் நடத்துநரிடம் இறங்குமிடம் சொல்வதை, கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயத்தின் முன் வழி கேட்பவருக்கு வழி சொல்வதை ஒரு படமும் ஒரு குரலுமாக அமைக்கட்டும். சிங்கள மாணவரும் அவ்வாறே தமிழில் செய்யட்டும். பிறகு இரு பாடசாலைகளும் அவற்றை மாற்றிக்கொள்ளட்டும். தெகிவளையில் உள்ள சிங்களப் பிள்ளை, தன் மொழியை இன்னொரு பிள்ளை தட்டுத்தடுமாறிப் பேசுவதைக் கேட்டுத் திருத்தி அனுப்பும்போது, இருவரும் ஒரே நேரத்தில் ஆசிரியரும் மாணவருமாகிறார்கள். எந்தப் பாடநூலும் இதைத் தரமுடியாது.

எழுத்தைப் பற்றி ஒரு சொல். பாமினி எழுத்துருவில் தட்டிய பாடம் இன்னொருவர் கைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறப்பதை நாம் இன்னும் காண்கிறோம். ஒருங்குறிக்கு மாறியபின்னும், தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத கருவிகளில் ஒற்றைக்கொம்பு தன் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தாய்மொழியாளர் ஊகித்துப் படித்துவிடுவார். எழுத்தையே இப்போதுதான் கற்கும் சிங்கள மாணவர் பிழையைப் பாடமாகக் கொள்வார். தமிழ் எழுத்துகளைக் கணினியில் குறிப்பதற்கான இலங்கைத் தரம் 1326, 2008இலேயே வந்துவிட்டது. மொழிப் பாடத்துக்குக் கருவியைத் தெரிவுசெய்யும்போது முதற்சோதனை கொம்பும் புள்ளியும் சரியாக விழுகின்றனவா என்பதாகவே இருக்கவேண்டும்.

கருவிகள் நெடுநாள் வாழ்வதில்லை என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். 2009இல் வந்த பிரெசி, படவில்லைகளின் வரிசையை உடைத்து ஒரே பரப்பில் அலையவிட்டு ஆசிரியர்களை மயக்கியது. அதன் பழைய வடிவம் பிளாஷ் தொழில்நுட்பத்தில் தங்கியிருந்தது. 2020 டிசம்பர் 31உடன் பிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்தியது. மாணவர் காணொளியில் பேசிப் பழகுவதற்கென இருந்த பிலிப், தனித்த சேவையாக 2024 ஜூலையில் முடிந்தது. கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்ட் அதே ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. அவற்றுக்குள் மட்டும் பாடத்தை வைத்திருந்தவர்களின் உழைப்பு அவற்றோடு போயிற்று. எனவே குரல் தனிக் கோப்பாக, எழுத்து தனிக் கோப்பாக, படம் தனிக் கோப்பாக முதலில் சேமிக்கப்படவேண்டும். நிகழ்த்துகை அவற்றைக் கோக்கும் நூல் மட்டுமே. சேமிக்க இடமும் நமக்கு உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் அதன் பல்லூடக ஆவணகமும் இலங்கைத் தமிழரின் நூல்களோடு ஒலியையும் காணொளியையும் பேணிவருகின்றன. 1942இல் தொடங்கி, இன்று வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இதற்கான குரல்களைத் திரட்டப் பொருத்தமான கூடம்.

மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்திடமும் இரண்டாம் மொழி கற்பிக்கும் ஒவ்வொரு ஆசிரியரிடமும் ஒன்றைக் கேட்கிறேன். அடுத்த தவணைக்குப் புதிய கருவியைத் தேடவேண்டாம். பாடநூலின் முதல் பாடத்தை எடுத்து, அதன் ஒவ்வொரு சொல்லையும் இந்த நகரத்தில் வாழும் இருவரின் குரலில், ஒரு சாதாரணக் கைபேசியில், பதிந்து மாணவர் கையில் கொடுங்கள். அதன்பின் படவில்லையைத் திறவுங்கள்.