மருந்து வழங்கும் பணிக்கு ஊதியம்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமையை 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே தருகிறது. அதன் 42ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மருந்து கொடுக்கும் சன்னலானாலும் சரி, மேலூர், உசிலம்பட்டிக் கடைவீதியில் உள்ள சிறு மெடிக்கலானாலும் சரி, சட்டம் ஒன்றுதான். பணியும் ஒன்றுதான். ஊதியம் மட்டும் இடத்துக்கு இடம் வேறு வேறு கணக்கில் வருகிறது.

அரசுப் பணமும் அரசு விதியும் அந்த ஊதியத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள். மருந்தின் விலைக்கும் கடையின் முதலீட்டுக்கும் கணக்கு இருக்கிறது. மருந்தை விளக்கிக் கொடுக்கும் வேலைக்கென்று கடைக்காரருக்குத் தனியே ஒரு ரூபாயும் இல்லை. இந்தக் குறையை நீக்கியாக வேண்டும் என்பதே என் வாதம்.

2. பணியின் தன்மை

சர்க்கரை நோயாளியான ஒரு மூதாட்டி இரண்டு சீட்டுகளுடன் கடைக்கு வருகிறார் என்று கொள்வோம். ஒன்று அரசு மருத்துவமனைச் சீட்டு, மற்றொன்று தனியார் மருத்துவருடையது. இரண்டிலும் கிளிமிபிரைடு இருக்கிறது. ஒன்றில் மருந்தின் பெயர், மற்றொன்றில் கம்பெனிப் பெயர். இதைக் கண்டுபிடிப்பவர் மருந்தாளுநர்தான். "ரெண்டும் ஒரே மாத்திரைதாம்மா, சேர்த்துப் போட்டுறாதீங்க. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தர்றேன்" என்கிறார். அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி உள்ள பக்கம் கடைசிவரை மிஞ்சும்படி பார்த்து வெட்டுகிறார். கவரில் வேளைக்கணக்கை எழுதி, வாயாலும் சொல்லி அனுப்புகிறார். அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் இரட்டை அளவு உள்ளே போய், சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வந்திருக்கும். இதற்குச் செலவான பத்து நிமிடத்துக்கு நடப்பில் உள்ள எந்த ஊதியக் கணக்கிலும் இடம் கிடையாது. சொல்லப்போனால், ஒரு மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்தியதால் அவருடைய வரும்படிதான் குறைகிறது.

3. நடப்பிலுள்ள நான்கு முறைகள்

3.1 மாதச் சம்பளம்

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கிய தொகை பாஸ்புக்கில் வரவாகும். எடுத்த மருந்துக்கு ஏற்ப அதில் கழியும். நோயாளிக்கு மருந்து இலவசம், மருந்தாளுநருக்கு அரசுச் சம்பளம். விற்பனை கூடினால் வருமானம் கூடும் என்ற தூண்டுதல் இங்கே இல்லை என்பது இம்முறையின் பெரும் சிறப்பு. ஆனால் வரிசை எவ்வளவு நீண்டாலும் சன்னலில் இருப்பவர் ஒருவரே என்றால், ஆளுக்குக் கிடைக்கும் நேரம் சுருங்கிவிடுகிறது.

3.2 விலையில் ஒரு பங்கு

தனியார் கடைக்கு 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை வழிகாட்டுகிறது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு உச்சவிலை நிர்ணயிக்கும்போது, கடைக்காரர் வாங்கும் விலையின் மேல் 16 விழுக்காடு மார்ஜின் சேர்க்கப்படுகிறது. பட்டியலுக்கு வெளியே உள்ளவற்றுக்குச் சில்லறைக் கடைக்கு 20 விழுக்காடு என்பது வணிக வழக்கம். இரண்டிலும் விலை உயர்ந்தால் வருமானம் உயரும். விலை இறங்கினால் வருமானமும் இறங்கும்.

3.3 மானியமும் ஊக்கத்தொகையும்

மக்கள் மருந்தகத் திட்டம் 2008இல் தொடங்கியது. இதில் கடை நடத்துபவருக்கு, வரி நீங்கலான விற்பனை விலையில் 20 விழுக்காடு மார்ஜின் உண்டு. அத்துடன் மாதக் கொள்முதலில் 20 விழுக்காடு ஊக்கத்தொகை, மாதம் 20,000 ரூபாய் என்ற உச்சவரம்புக்குள். குறிப்பிட்ட வகை மருந்துகளை இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

2025 பிப்ரவரி 24 அன்று மாநில அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்கள் வேறு வழியில் செல்கின்றன. தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாயும் கூட்டுறவு அமைப்புகளுக்கு 2 லட்சம் ரூபாயும் மானியம். பாதி பணமாகவும் பாதி மருந்தாகவும் தரப்படுகிறது. இரண்டு திட்டங்களும் கடை திறக்கவும் இருப்பு வைக்கவும் உதவுகின்றன. நோயாளியிடம் பேசிய நேரம் இரண்டின் கணக்கிலும் சேரவில்லை.

3.4 தள்ளுபடிப் போட்டி

மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தில், மருந்தகத்தில் இல்லாத மருந்துகளை அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர்க் கடை வழங்குகிறது. எம்.ஆர்.பி.யில் அதிகத் தள்ளுபடி கேட்பவருக்கே ஒப்பந்தம். ஊதியத்தை யார் அதிகம் விட்டுக்கொடுக்கிறார் என்பதே இங்கே தகுதி ஆகிவிடுகிறது.

4. ஒரு கணக்கு

ஒரே நோய்க்கு இரண்டு அட்டைகளை எடுத்துக்கொள்வோம். விலைகள் விளக்கத்துக்காக வைத்தவை. கம்பெனிப் பெயர் கொண்ட அட்டை 100 ரூபாய் என்றால் கடைக்காரருக்கு ஏறத்தாழ 20 ரூபாய். மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து 20 ரூபாய் என்றால் மார்ஜின் 4 ரூபாய், ஊக்கத்தொகை 3 ரூபாய் 20 காசு. ஆக 7 ரூபாய் 20 காசு. மாதக் கொள்முதல் 1 லட்சத்தைத் தாண்டினால் ஊக்கத்தொகை வளராது. அதன்பின் அட்டைக்கு 4 ரூபாய்தான். நோயாளிக்கு 80 ரூபாய் மிச்சம் செய்து கொடுத்தவருக்கு, அதே வேலைக்கு ஐந்தில் ஒரு பங்கு ஊதியம். மலிவு மருந்தைப் பரப்புவது அரசின் நோக்கம் என்றால், ஊதிய முறை அந்த நோக்கத்துக்கு எதிராக நிற்கிறது.

5. பிற அனுபவங்கள்

இங்கிலாந்தில் மருந்தின் விலையும் வழங்கும் கட்டணமும் தனித்தனி. 2023இல் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 1 பவுண்டு 27 பென்ஸ் கட்டணம். மாத்திரை மலிவானதா விலை உயர்ந்ததா என்ற பேதம் அதில் இல்லை. 2011இல் வந்த புதிய மருந்துச் சேவை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ரத்த அழுத்தம், இரண்டாம் வகைச் சர்க்கரை போன்ற நோய்களுக்கு முதன்முறை மருந்து தொடங்குபவரைச் சில வாரம் பின்தொடர்ந்து பேசுவதற்கே அங்கு தனிப் பணம் தரப்படுகிறது.

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. 2014 முதல் மும்பையிலும் பாட்னாவிலும் நடந்த காசநோய்த் திட்டத்தில், தனியார் மருத்துவர் தந்த மின்-சீட்டைக் காட்டி நோயாளி கடையில் இலவசமாக மருந்து வாங்கினார்; கடைக்காரருக்குப் பணம் திரும்பச் செலுத்தப்பட்டது. பொது நிதி சிறு மெடிக்கலின் கல்லாவுக்கு நேராகச் சேர முடியும் என்பதற்கு அதுவே சான்று.

6. மறுப்பும் விடையும்

கட்டணம் வைத்தால் பொய்க் கணக்கு பெருகும் என்பது ஒரு மறுப்பு. மின்-சீட்டை நோயாளியின் கைப்பேசியோடு இணைத்துச் சரிபார்த்தால் பெருமளவு தடுக்கலாம்.

செலவு கூடும் என்பது மற்றொன்று. மாத்திரையை ஒழுங்காகப் போடாததால் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்கு வருபவரின் செலவும் பொது நிதியிலிருந்துதான் போகிறது என்பதை மறந்துவிட முடியாது.

மூன்றாவது சிக்கல் ஆழமானது. சான்றிதழை வாடகைக்குக் கொடுத்துவிட்டுக் கடைப்பக்கமே வராத மருந்தாளுநர்கள் இருக்கிறார்கள். கடைக்குத் தரும் மானியம் இதைத் தடுக்காது. மருந்தாளுநரின் பதிவு எண்ணுக்கே கட்டணம் வரவாகும் என்றால், கடையில் நின்று வேலை செய்வது அவருக்கே லாபமாகிவிடும்.

7. முடிவுகள்

அ) விலையோடு கட்டிய ஊதியம் மலிவு மருந்து கொடுப்பவரைத் தண்டிக்கிறது.

ஆ) மருந்து விலையையும் வழங்கும் கட்டணத்தையும் பிரிக்க வேண்டும்.

இ) மதுரை மாவட்ட முதல்வர் மருந்தகங்களில் சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஓராண்டு சோதித்துப் பார்க்கலாம்: வழங்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு நிலையான தொகை, முதன்முறை மருந்து தொடங்குபவருக்கு விளக்கம் சொன்னால் கூடுதல் தொகை.

ஈ) பணம் மாதாமாதம் தவறாமல் வர வேண்டும். நிலுவை விழுந்தால் சிறு கடைகளே முதலில் விலகும். விலகினால் நகரத்துக்கு வெளியே உள்ள நோயாளிதான் முதலில் இழப்பார்.

மருந்தாளுநரின் அறிவு மக்களுக்குத் தேவை என்று சட்டம் 1948இலேயே ஏற்றுக்கொண்டது. அந்த அறிவுக்கு உரிய ஊதியத்தைத் தருவதே அந்தச் சட்டத்தை மனதார நிறைவேற்றும் வழி.