மெண்டோட்டாக் கரையில் மாணவர் பொழுது

அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்துத் தலைநகரமான மாடிஸன், மெண்டோட்டா, மொனோனா என்னும் இரண்டு ஏரிகளின் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் எழுந்த நகரம். மாகாணம் உருவான 1848-ஆம் வருஷத்திலேயே ஸ்தாபிதமான அதன் ஸர்வகலாசாலை மெண்டோட்டாவின் தென்கரையில் அமைந்தமையால், அங்கே பயின்றோருக்கு நீச்சலும் படகும் எவரும் விதிக்காத பாடங்களாயின. வனங்களின் காவலர் என்று பிற்காலத்தில் பிரஸித்தி பெற்ற ஜான் ம்யூர், 1863-இல் பட்டம் பெறாமலே படிப்பை விட்டபோது, ஏரியின் வடகரைக் குன்றொன்றில் நின்று கலாசாலையைக் கண்ணீரோடு திரும்பிப் பார்த்ததாகத் தாமே எழுதியிருக்கிறார்.

ஆயினும் ஏரி எல்லோருக்கும் பொதுவாயிருந்ததேயன்றி, கரையில் எல்லோரும் கூடியிருக்க ஓரிடம் நெடுங்காலம் இல்லை. 1903-இல் ஸர்வகலாசாலையின் தலைமைப் பதவியேற்ற சார்ல்ஸ் வான் ஹைஸ், மாணவர் ஒருவரோடொருவர் பழகுவதும் கல்வியே என்று கருதி, அதற்கென ஒரு மன்றம் வேண்டுமென்றார். அவர் காலத்தில் அது கைகூடவில்லை. யுத்தங்களில் பணிபுரிந்தோரின் ஞாபகார்த்தமாக, மாணவரும் பழைய மாணவரும் திரட்டிய பொருளின் துணையுடன் எழும்பிய மெமோரியல் யூனியன் 1928-இல்தான் திறக்கப்பட்டது. ஓய்வு நேரத்தைச் செவ்வையாகக் கழிக்கக் கற்பதும் ஸர்வகலாசாலையின் கடமைக்குட்பட்டதே என்ற கொள்கையை அதன் முதல் இயக்குநர் போர்ட்டர் பட்ஸ் நாற்பது வருஷகாலம் விடாது காத்தார். அவருடைய மேன்மையை இதனினும் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. ஆனால் அம்மன்றத்தின் ராட்ஸ்கெல்லர் என்ற உணவுக்கூடம் ஆரம்பத்தில் ஆடவருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. எல்லோருக்குமென எழுப்பிய இல்லத்தில் மாணவியரை வாசலிலே நிறுத்தியது நியாயமாகாது. மதுவிலக்கு தளர்ந்த 1933-இல் அங்கே பீர் வழங்கவும் தொடங்கினர்.

1931-இல் தோன்றிய ஹூஃபர்ஸ் என்ற மாணவர் சங்கம் பாய்மரப் படகும் பனிச்சறுக்கும் பயிற்றியது. ஆனால் கோடையினும் குளிர்காலமே மெண்டோட்டாவின் தனிப்பெருமை: ஏரி கல்லாய் உறைந்தபின், அடியில் எஃகுச் சறுக்குகள் பொருத்திய பாய்ப்படகு, நீர்மேல் ஒருநாளும் எய்தாத வேகத்தில், காற்றின் வலிமை ஒன்றாலேயே பனிமேல் கிறீச்சிட்டு ஓடும். ஏரி உறையும் நாளையும் உருகும் நாளையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே குறித்து வருகிறார்கள். அக்குறிப்புகளின்படி, பனி நிலைத்திருக்கும் காலம் ஏறத்தாழ ஒரு மாதம் சுருங்கிவிட்டது. பனிப்படகுக்காரர்களுக்கு அத்தனை நாளும் நஷ்டமே.