வாட்டர் தெருச் சாட்சிகள்: குடிமீட்பு மரபின் கிறிஸ்தவ வேர்கள் (1872–1939)

குடிநோயிலிருந்து மீள்வோரின் கூட்டங்களில், குடித்துச் சீரழிந்து மீண்ட ஒருவர் எழுந்து தன் கதையைச் சொல்வார். இன்னும் மீளாதவர் உட்கார்ந்து கேட்பார். இந்த முறை 1935இல் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்போடு பிறந்ததாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. அதற்கு அறுபது ஆண்டுகள் முன்பே நியூயார்க் துறைமுகச் சேரியில் அது வேரூன்றிவிட்டது என்பதும், கிறிஸ்தவச் சாட்சி மரபின் நேரடித் தொடர்ச்சி அது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஜெரி மெக்காலி அயர்லாந்தில் பிறந்து, நியூயார்க்கில் படகுத் திருடனாக வளர்ந்தவர். 1857இல் பதினைந்தாண்டுத் தண்டனை பெற்று சிங் சிங் சிறைக்குப் போனார். அங்கே சிறைச் சிற்றாலயத்தில் ஒருநாள் பேச வந்தவர், ஆர்வில் கார்ட்னர் என்ற பழைய குத்துச்சண்டைக்காரர். அவருடைய முந்தைய வாழ்வை மெக்காலி அறிவார். அந்த முரட்டு மனிதர் கண்ணீர் விட்டுச் சொன்ன சாட்சியைக் கேட்ட பிறகுதான் அவர் வேதத்தைக் கையில் எடுத்தார்.

1864இல் தண்டனை மன்னிக்கப்பட்டு வெளிவந்தவர் மறுபடியும் குடியிலும் திருட்டிலும் விழுந்தார். பலர் ஒரு வரியில் கடந்துவிடும் இந்தப் பின்மாற்றத்தில்தான் முழு வரலாற்றின் திறவுகோல் இருப்பதாக நான் கருதுகிறேன். பின்னர் மறுபடியும் மீண்டெழுந்து, 1872 அக்டோபரில் நியூயார்க்கின் வாட்டர் தெரு 316ஆம் எண் கட்டடத்தில் அவர் மிஷன் தொடங்கினார். உடன் நின்ற மனைவி மரியாவும் குடியிலிருந்து மீண்டவரே. இரட்சிக்கப்பட்டேன் என்று அழுதவன் மறுவாரமே போதையில் வந்து நின்றாலும், அவன் அழுகை பொய்யென்று அவர்கள் எண்ணவில்லை. அந்தப் பாதையில் அவர்களும் நடந்தவர்கள்.

மெக்காலியின் ஊழியத்தில் 1882இல் மனந்திரும்பிய சாமுவேல் ஹாட்லி, 1886இல் வாட்டர் தெரு மிஷனின் பொறுப்பை ஏற்றார். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட சமய அனுபவம் பற்றிய நூலில் ஹாட்லியின் சாட்சியை எடுத்தாண்டார். சேரியில் ஒலித்த குரல் இப்படிக் கல்விப்புலத்தை எட்டியது. ஹாட்லியின் மகனோ, சாமுவேல் ஷூமேக்கர் என்ற எபிஸ்கோபல் குருவோடு சேர்ந்து, 1926இல் நியூயார்க்கில் கால்வரி மிஷனைத் தொடங்கினார்.

1934 டிசம்பரில் அங்கே வந்து முழங்காலிட்டவர், பின்னாளில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸை நிறுவியவர்களில் ஒருவரான பில் வில்சன். அவருக்கு வழிகாட்டியவர் எபி தாச்சர். அவரும் குடியில் உழன்று அதே மிஷனில் அடைக்கலம் புகுந்தவர். சில நாட்களில் மருத்துவமனையில் வில்சன் பேரொளி அனுபவம் ஒன்றைப் பெற்றார். அதைப் புரிந்துகொள்ள அவருக்குக் கைகொடுத்தது ஜேம்ஸின் அந்த நூல்தான். தொடர்ந்த மாதங்களில் குடிகாரர் பலரிடம் பேசினார். ஒருவரும் மீளவில்லை, அவர் மட்டும் குடிக்காமல் இருந்தார். மறுபடி குடிக்கும் ஆசை ஆக்ரனில் எழுந்தபோது, இன்னொரு குடிகாரரைத் தேடி டாக்டர் பாப் ஸ்மித்தைக் கண்டடைந்தார். சாட்சி, கேட்பவரோடு சொல்பவரையும் காக்கிறது என்பது அவருக்கு அப்போது தெளிவானது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் மீட்பு வழியாக 1939இல் அச்சேறிய பன்னிரண்டு படிகளில் கிறிஸ்துவின் பெயர் இல்லை. கடவுளை அவரவர் உணர்ந்தவாறு ஏற்கலாம் என்றாயிற்று. நாத்திக உறுப்பினர்களின் வற்புறுத்தல் இதற்கு ஒரு காரணம். கிறிஸ்தவர் சிலருக்கு இது இழப்பாகத் தோன்றலாம். ஆனால் பாவ அறிக்கை, தம்மால் தீங்குற்றவர்களிடம் ஒப்புரவாதல், பிறருக்குச் செய்தியைக் கொண்டுசெல்லுதல் ஆகிய மூன்றும் அப்படிகளில் அப்படியே இருக்கின்றன. ஷூமேக்கரிடமிருந்தும் அவர் சார்ந்திருந்த ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்திடமிருந்தும் இவற்றைப் பெற்றதாக வில்சனே பின்னர் எழுதினார். 1955இல் செயின்ட் லூயிஸில் அமைப்பின் மாநாடு கூடியபோது, உரையாற்ற அழைக்கப்பட்டவர்களில் ஷூமேக்கரும் ஒருவர்.