தளம் கிடைத்தபோதெல்லாம் ஏறியவர்கள்: சறுக்குப்பலகையில் பெண்களின் வரலாறு

ஸ்கேட்போர்டு எனும் சறுக்குப்பலகை ஆட்டத்தில் பெண்கள் நேற்றுத்தான் நுழைந்தார்கள் என்ற எண்ணம் பரவலாக உண்டு. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் பதின்மூன்று வயதுச் சிறுமிகள் பதக்க மேடையில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. பெண்கள் தொடக்கத்திலேயே இருந்தார்கள். ஆடுதளம் குறுகியபோது முதலில் விலக்கப்பட்டவர்களும் அவர்களே. ஆகவே இந்த வரலாற்றை வீராங்கனைகளின் பெயர் வரிசையாக மட்டும் படிக்காமல், தளத்தின் வரலாறாகவும் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்காவின் முதல் தேசிய மகளிர் வெற்றியாளர் பட்டத்தைப் பாட்டி மெக்கீ 1964இல் வென்றார். அடுத்த ஆண்டு மே மாதம், ஓடும் பலகைமேல் தலைகீழாகக் கையூன்றி நின்ற அவருடைய படம் 'லைஃப்' இதழின் அட்டையில் வந்தது. அப்போது அவருக்கு வயது 19. நம் பேராக்கில் தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணி தோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக ஓடியதும் அதே 1964இல்தான். 1966இல் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதும் அவரைத் தேடி வந்தது. ஓடுவதற்குப் பள்ளித் திடல் போதும். பலகைக்கோ வழவழப்பான சிமெண்டுத் தரை வேண்டும். நம் தோட்டங்களில் அன்று இருந்தது செம்மண் சாலை. விடியுமுன் பால்வெட்டப் போய், திரும்பியதும் அடுப்படியில் நின்ற பெண்களுக்குத் தோட்டத்துத் திடலும் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும் இடமாகவே இருந்தது.

1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி கொண்டுவந்த பாலியூரித்தேன் சக்கரம் ஆட்டத்தையே மாற்றியது. களிமண் கலவைச் சக்கரம் சிறு கல்லில் பட்டாலே நின்றுவிடும். புதியது தரையைக் கவ்விக்கொண்டு உருண்டது. (1877இல் ஹியூ லோ ரப்பர்க் கன்றுகளை நட்டு வளர்த்த கோலா கங்சாரிலிருந்து எழுதுகையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: உலகச் சாலைகளை ஓடவைத்த நம் ரப்பரைத் தவிர்த்துவிட்டு, செயற்கைப் பொருளில் மறுபிறவி எடுத்த ஆட்டம் இது.) அந்தச் சக்கரத்தோடு கலிபோர்னியாவின் செஃபிர் அணியில் ஆடிய ஒரே பெண் பெகி ஓகி. 1975 டெல் மார் போட்டியில் மகளிர் பிரிவில் அவர் முதலிடம் பெற்றபோது, ஆண்களைப் போல ஆடுகிறார் என்று உடன் ஆடிய பெண்களே ஆட்சேபித்தார்கள்.

1980 வாக்கில் காப்புறுதிச் செலவு தாங்காமல் அமெரிக்கச் சறுக்குப் பூங்காக்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. ஆட்டம் வீட்டுப் பின்கட்டில் அமைத்த மரச்சரிவுகளுக்கும் தெருவுக்கும் போனது. யாருடைய பின்கட்டு, யாருடைய கூட்டாளி என்பதே நுழைவுச்சீட்டாயிற்று. பெண்கள் குறைந்தது ஆர்வம் வற்றியதால் அன்று, பொதுத்தளம் தனியாரிடம் போனதால் என்பதே என் துணிபு. அந்த நெருக்கடியிலும் காரா-பெத் பர்ன்சைடு, எலிசா ஸ்டீமர் போன்றோர் நிலைத்து நின்றார்கள். பர்ன்சைடும் மிமி நூப்பும் 2005இல் வீராங்கனைகளை ஓர் அமைப்பாகத் திரட்டிப் பரிசுத்தொகையில் சமத்துவம் கேட்டார்கள். எக்ஸ் கேம்ஸ் போட்டியில் சில ஆண்டுகளுக்குள் அது கிடைத்தது.

அடுத்த திருப்பம் ஆசியாவில் நிகழ்ந்தது. காபூலில் 2007இல் ஆலிவர் பெர்கோவிச் தொடங்கிய ஸ்கேட்டிஸ்தான் என்ற சறுக்குப்பலகைப் பள்ளியில் சிறுமிகள் திரளாகச் சேர்ந்தார்கள். மிதிவண்டி ஓட்டுவது பெண்களுக்குத் தகாது என்ற ஊரில், பலகையைப் பற்றி யாரும் இன்னும் தடை சொல்லியிருக்கவில்லை! மத்தியப் பிரதேசத்து ஜன்வார் கிராமத்தில் உல்ரிக்கே ரைன்ஹார்ட் 2015இல் திறந்த தளத்துக்கு இரண்டு விதிகள்: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, பலகை முதலில் பெண்பிள்ளைகளுக்கு. இரண்டாவது விதி எளிமையானது, ஆனால் ஆழமானது. பலகை குறைவாக இருக்கும் இடத்தில் வரிசையின் முன்னால் யார் நிற்பது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அங்கு பயின்ற ஆஷா கோண்டு 2018இல் நான்ஜிங் உலகப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார்.

தமிழுலகில் இந்த வரலாற்றின் முகம் மாமல்லபுரத்து மீனவர் குப்பத்தில் வளர்ந்த கமலி மூர்த்தி. சிறுமியாக இருந்தபோது அமெரிக்க வீரர் ஜேமி தாமஸ் எடுத்த படமொன்றைப் புகழ்பெற்ற சறுக்குப்பலகை வீரர் டோனி ஹாக் பகிர்ந்தார். உலகம் அவரை அறிந்தது. கவுன் அணிந்த சிறுமி, வெறுங்காலுடன் சரிவின் விளிம்பிலிருந்து இறங்குகிறாள். செய்து பார்த்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். பின்கால் பலகையின் வாலை அழுத்தியிருக்க, முன்சக்கரம் அந்தரத்தில் நிற்கும். முன்காலை ஓங்கி மிதித்து உடல் பாரம் முழுவதையும் பள்ளத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும். பயந்து பின்வாங்கினால் பலகை முன்னே ஓடிவிடும், முதுகு தரையில் விழும். உப்புத்தாள் போல் சொரசொரக்கும் மேற்பரப்பில் செருப்பில்லாமல் அதைச் செய்தாள் அந்தப் பிள்ளை. கமலியையும் தனித்து நின்று வளர்த்த தாயையும் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த ஆவணப்படம் 2020 பாஃப்டா பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. அதே பிரிவில் வென்றது, ஸ்கேட்டிஸ்தான் சிறுமிகளைப் பற்றிய படம். அவ்வாண்டு ஆஸ்காரும் அதற்கே. கமலி பின்னர் அலைச்சறுக்கில் தேசிய அளவில் வென்றார்.

போட்டிக் களத்தில் கதவைத் திறந்தது 2018 ஆசிய விளையாட்டு. தச்சரின் மகளும் தெருவோரம் பலகாரம் விற்ற தாயின் பிள்ளையுமான பிலிப்பீன்ஸ் மார்ஜிலின் டிடால் பாலெம்பாங்கில் தங்கம் வென்றார். அங்கு மலேசியாவுக்காகப் பலகையேறிய பாத்தின் ஷாஹிரா ரோஸ்ஸிஸிக்கு வயது ஒன்பது. 2021 தோக்கியோ ஒலிம்பிக்கில் மோமிஜி நிஷியா, சகுரா யோசோசுமி ஆகியோரின் தங்கங்களும், அடுத்த பாரிஸ் ஒலிம்பிக்கில் கோகோ யோஷிசாவாவின் தங்கமும் ஆசிய வீராங்கனைகளின் முன்னிலையை உறுதிப்படுத்தின.

தோட்டத் துண்டாடலுக்குப் பின் பேராக்கின் தமிழ்க் குடும்பங்கள் பல தாமான்களுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் பெயர்ந்தன. பிள்ளைகள் காலுக்கடியில் இப்போது சிமெண்டும் தாரும் இருக்கின்றன. செம்மண் இன்று காரணமாகாது. தாமான் நடுவே, தாய்மார் கண்ணுக்கெட்டும் தொலைவில், நிழலும் கழிப்பறையும் உள்ள சிறு தளம், வாரத்தில் சில மாலைகள் பெண்பிள்ளைகளுக்கே என்ற ஏற்பாடு, உள்ளூர்க் கழகம் ஒன்றின் செலவில் பத்துப் பலகைகள்: ஜன்வாரின் அனுபவத்தைப் பார்த்தால், கோலா கங்சாருக்கும் இதைவிட அதிகம் தேவைப்படாது.