நைலின் நீருக்கடியில் நூபியரின் மையவாடிகள்

எகிப்தின் தெற்கில், சூடானின் எல்லையைக் கடந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது நாசர் ஏரி. சூடானியர் தம் பகுதியை நூபியா ஏரி என்பர். அஸ்வான் உயரணை நைலை மறித்ததால் உண்டான நீர் அது.

அங்கு வாழ்ந்த நூபியர், கிறிஸ்தவ அரசுகளின் கீழ் பல நூற்றாண்டுகள் இருந்து, பின் மெல்ல மெல்ல இஸ்லாத்தைத் தழுவியவர்கள். 1902இல் அஸ்வானில் முதல் அணை எழுந்தது. பின்னர் இருமுறை அதன் உயரம் கூட்டப்பட்டது. ஒவ்வொரு முறையும் பேரீச்ச மரங்கள் மூழ்க, மக்கள் மேட்டில் ஏறி வீடு கட்டிக்கொண்டார்கள். 1960இல் தொடங்கிய உயரணையோ ஏறிக்கொள்ள மேட்டையும் விட்டுவைக்கவில்லை. இரு நாடுகளிலுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பெயர்ந்தனர்.

அதே ஆண்டுகளில் அபூ சிம்பலில் இரண்டாம் ராம்சேஸின் கற்கோயில் துண்டுகளாக அறுக்கப்பட்டு, சுமார் 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தப்பட்டது. யுனெஸ்கோ அழைக்க, உலக நாடுகள் பொருள் தந்தன. (மூஸா அலைஹிஸ்ஸலாம் காலத்து ஃபிர்அவ்ன் இவனே எனச் சிலர் கூறுவர், குர்ஆன் அவனது இயற்பெயரைக் கூறவில்லை.) தொன்மையைக் காத்ததை நாம் குறை கூறவில்லை. அணையால் எகிப்து பாசனமும் மின்சாரமும் பெற்றதை மறுக்கவுமில்லை. ஆயினும் சிற்றூர்களின் மண் மஸ்ஜிதுகளுக்காகவும் மையவாடிகளுக்காகவும் அத்தகைய அழைப்பு எதுவும் எழவில்லை என்பதை எண்ணாதிருக்க முடியவில்லை.

சூடானில் 1964 ஜனவரியில் வாதி ஹல்ஃபா பகுதியிலிருந்து இரயில்கள் புறப்பட்டன. புறப்படுமுன் மக்கள் மையவாடிக்குச் சென்றனர். தாய் தந்தையரின் கப்ருகளில் நீர் தெளித்தார்கள், துஆச் செய்தார்கள். பின்னர் வீட்டுச் சுவர்களை முத்தமிட்டுப் பிரிந்தவர்களும் உண்டு. உயிரோடிருப்பவர் இடம்பெயரலாம், கப்ரிலுள்ளோரை யார் அழைத்துச் செல்வது? ஜியாரத்துக்குச் செல்ல இடமே இல்லாத ஒரு சமுதாயமாக அவர்கள் ஒரே பருவத்தில் ஆனார்கள்.

சூடானியர் கஷ்ம் அல் கிர்பாவிலும், எகிப்தியர் கோம் ஓம்போவிலும் குடியேற்றப்பட்டனர். ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களுக்கு ஆறில்லா வாழ்வு. கோம் ஓம்போவில் தொடக்க காலத்தில் குழந்தைகளும் முதியோரும் பலர் இறந்தனர். புதிய ஊருக்கு முதலில் தேவைப்பட்டவற்றுள் மையவாடியும் ஒன்றாயிற்று.

வாதி ஹல்ஃபாவில் சிலர் மட்டும் போக மறுத்தார்கள். நீர் ஏற ஏறக் குடிசைகளைப் பிரித்துப் பின்னால் நட்டு, மீண்டும் பிரித்து நட்டு, ஏரிக்கரையிலேயே தங்கினர். இன்றைய வாதி ஹல்ஃபா அவர்களால் நிலைத்த ஊர்.